வாடகை வீட்டுக்கு பெயின்ட் அடிச்சுத் தர வேண்டியது யாரு, ஓனரா குடியிருக்கிறவங்களா?

வெண்மேகம்:
எல்லாருக்கும் வணக்கம். அஞ்சு வருஷம் குடியிருந்த வீட்ட இந்த மாசக் கடைசில காலி பண்றோம். ஓனர் நேத்து வந்து ரூம் ரூமா சுத்திப் பாத்துட்டு, வீடு முழுக்க பெயின்ட் அடிச்சாதான் அடுத்த ஆளுக்கு விட முடியும், அந்த செலவு மொத்தத்தையும் அட்வான்ஸ்ல பிடிச்சிட்டு மீதியத் தரேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நாங்க குடி வந்தப்பவே அது புதுசா அடிச்ச வீடு இல்ல, சுவரெல்லாம் அப்பவே மங்கித்தான் இருந்துச்சு.

சுவத்துல என்னென்ன இருக்குன்னு ஒளிக்காம சொல்லிடறேன், அப்பதான் உங்களாலயும் சரியா சொல்ல முடியும். ஹால்ல போட்டோ மாட்டின ஆணி ஓட்டை இருக்கு. சோபா போட்டிருந்த இடத்துல தலை சாஞ்சு சாஞ்சு எண்ணெய்ப் பிசுக்கு. பையன் ரூம்ல கதவுக்குப் பின்னாடி க்ரேயான் கிறுக்கல். படுக்கிற ரூம்ல வெளிப்பக்கச் சுவர் மூலைல பீரோவ நகத்தினா கருப்பா பூசணம், அது இப்பதான் எங்க கண்ணுலயே படுது. அக்ரிமென்ட்ல பெயின்ட்னு ஒரு வார்த்தகூட இல்ல, "வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும்"னு ஒரே ஒரு வரிதான். இதுல எது எங்க பொறுப்பு, எது அவர் பொறுப்பு? நியாயமா வர்றத குடுக்கறதுக்கு நாங்க தயார், மொத்த வீடும் எங்க தலைலன்னா மனசு ஒப்பல.

கீழ்வீடு:
மொத்தத்துக்கும்லாம் தலையாட்டிடாதீங்க அக்கா. முதல்ல குடி வந்த புதுசுல எடுத்த போட்டோ எதாவது இருக்கான்னு போன்ல தேடுங்க, வீட்டுக்குன்னே எடுத்ததா இருக்கணும்னு இல்ல, பையன் பிறந்தநாள் போட்டோல பின்னாடி சுவர் தெரிஞ்சாலே போதும், போட்டோவுக்குள்ளயே தேதி இருக்கும்.

சாவிக்கொத்து:
நான் வீடு வாடகைக்கு விடறவன், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. ஒவ்வொரு தடவ ஆள் மாறும்போதும் புதுசா வர்றவங்க கேக்கற முதல் கேள்வியே "பெயின்ட் அடிச்சுத் தருவீங்களா"தான். அடிக்காம விட்டா வீடு பூட்டிக் கிடக்கும், அந்த மாசத்து வாடகையும் போச்சு. வர்ற வாடகைல வரி, லோன் தவணை, மோட்டார், தண்ணி டேங்க் எல்லாம் பாத்துட்டு, மேல பெயின்ட்டுக்கும் நாங்களேன்னா எப்படி? அஞ்சு வருஷம் அந்த சுவர அனுபவிச்சவங்க அத பழையபடி ஆக்கிக் குடுக்கறதுதானே முறை? ஆணி அடிச்சது நானா, கிறுக்கினது நானா?

வெண்மேகம்:
சார் கிறுக்கலுக்கு நான் மறுப்பே சொல்லல, அது எங்க பையன் பண்ணது, நாங்கதான் சரி பண்ணணும். கிறுக்கலே இல்லாத சமையல் ரூம் சீலிங்குக்கும் நான் ஏன் குடுக்கணும்னுதான் கேக்கறேன்.

தூரிகை:
இருபது வருஷத்துக்கு மேல பெயின்ட் வேலை பாக்கறேன், காலி பண்ற வீட்ல ஓனரும் குடியிருந்தவங்களும் சண்ட போடறத நடுவுல நின்னு நிறைய பாத்தாச்சு. ரெண்டு பேருமே கேக்க மறக்கற ஒரு கேள்வி இருக்கு: இந்த பெயின்ட்டுக்கு வயசு என்ன?

எந்த பெயின்ட்டும் ஆளே குடியிருக்காட்டியும் பழசாகும். வெயில் படற சுவத்துல நிறம் வெளுக்கும், பீரோ மறைச்ச இடம் மட்டும் பழைய நிறத்துலயே நிக்கும், ஸ்விட்ச் போர்டு சுத்தி கை பட்டு அழுக்கு ஏறும், ஃபேன் மேல சீலிங்ல தூசி வட்டம் விழும். இதெல்லாம் குடியிருந்தா வர்ற தேய்மானம், இதுக்குத்தான் வாடகைன்னு மாசாமாசம் வாங்கறாங்க. க்ரேயான், சுவத்துல ஒட்டின ஸ்டிக்கர பிய்க்கும்போது பட்டியோட பேந்து வந்தது, டிவி ஸ்டாண்டுக்கு ட்ரில் போட்டு காரை உதிர்ந்தது, வீட்டுக்குள்ளயே சிகரெட் பிடிச்சு மஞ்சளானது, இதெல்லாம் சேதம். தேய்மானம் ஓனரோடது, சேதம் குடியிருந்தவங்களோடது. சின்ன ஆணி ஓட்டை நாலஞ்சுன்னா நான் தேய்மானத்துலதான் சேப்பேன், சுவர் முழுக்க அம்பது ஓட்டைன்னா சேதம். எத்தன ஓட்டைல எல்லை கட்டறதுன்னு எங்கயும் எழுதி வெக்கல, கண்ணால பாத்துதான் முடிவு பண்ணணும்.

சேதம்னு முடிவாயிட்டாக்கூட முழு காசும் வாங்க முடியாது. ஒரு சுவத்து பெயின்ட் ஆறு வருஷம் தாங்கும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா, அதுல அஞ்சு வருஷம் ஏற்கனவே ஓடிருச்சுன்னா, மீதி இருக்கிறது ஆறுல ஒரு பங்கு. கிறுக்கின அந்த ஒரு சுவத்துக்கு ஆறுல ஒரு பங்குதான் குடியிருந்தவங்க கணக்கு. முழுசா வாங்கினா பழைய பெயின்ட்ட குடுத்துட்டு அடுத்தவன் காசுல புது பெயின்ட் வாங்கின மாதிரி ஆயிரும். வெண்மேகம் அக்கா வீட்ல நீங்க வரும்போதே மங்கியிருந்துச்சுன்னா அந்த பெயின்ட் எப்பவோ ஆயுச முடிச்சிருச்சு.

சாவிக்கொத்து:
தூரிகை அண்ணே கணக்கு புரியுது, ஆனா கிறுக்கின இடத்துல மட்டும் டச்-அப் பண்ணா திட்டுத் திட்டா தெரியுமே, அப்ப முழு சுவரும் அடிச்சாகணும்ல? அந்த முழு சுவத்துக்கும் யாரு?

தூரிகை:
நல்ல கேள்வி சார். மிச்சம் வெச்ச அதே டப்பாலேர்ந்து எடுத்து அடிச்சாலும் டச்-அப் தனியா தெரியும், ஏன்னா பழசு வெளுத்திருக்கும், பளபளப்பும் மாறியிருக்கும், பக்கவாட்டுல வெளிச்சம் விழும்போது நல்லா காட்டிக் குடுக்கும். அதனால ஒரு மூலைலேர்ந்து அடுத்த மூலை வரைக்கும் அந்த ஒரு சுவர முழுசா அடிக்கறதுதான் ஒழுங்கான வேலை. அது சேதத்தால வந்த வேலைங்கறதால அந்த ஒரு சுவர் முழுசும் கணக்குல வரும், ஆனா நான் சொன்ன வயசுக் கழிவோட. பக்கத்து மூணு சுவரும் வராது. ஒரு சுவர் புதுசா இருந்தா மத்த மூணும் பழசாத் தெரியுதேன்னு சொல்வாங்க, மத்த மூணும் நெஜமாவே பழசுதான் சார்.

சட்டைப்பை:
சட்டம் பக்கம் கொஞ்சம் சொல்றேன், நம்ம ஆளுங்க ஊர் ஊரா இருக்கறதால இதுல பெரிய குழப்பம். ஒரு ஊர்ல சரின்னு சொல்றது இன்னொரு ஊர்ல நேர் தலைகீழ். நியூயார்க் நகரத்துல நிறைய வீடுங்க இருக்கற கட்டடம்னா 3 வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிச்சுத் தர்றது ஓனர் கடமை. நெதர்லாந்துல 2003ல வந்த சின்ன ரிப்பேர் பட்டியல் படி உள்சுவருக்கும் சீலிங்குக்கும் வெள்ளையடிக்கறது, உள்பக்க மரவேலைக்கு பெயின்ட் அடிக்கறது எல்லாம் குடியிருக்கறவங்க வேலை. இந்தியாவுல மத்திய அரசு 2021ல கொண்டு வந்த மாதிரி வாடகைச் சட்டத்துல சுவத்துக்கு வெள்ளையடிக்கறதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கறதும் ஓனர் பட்டியல்ல இருக்கு, குழாய் வாஷர், ஸ்விட்ச், பூட்டு மாதிரி சில்லறை ரிப்பேர்லாம் குடியிருக்கறவங்க பட்டியல்ல. அது மாதிரிச் சட்டம்தான், மாநிலம் ஏத்துக்கிட்டாதான் அங்க செல்லும், அதோட அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கிட்டா எழுதினதுதான் நிக்கும்.

ஜெர்மனில இது பல வருஷமா கோர்ட் வரைக்கும் போற சண்டை. 2015ல அவங்க உச்ச கோர்ட் சொன்னது, வீட்ட பெயின்ட் அடிக்காம பழசாவே குடுத்துட்டு அதுக்கு ஈடா எதுவும் தராம இருந்தா, காலி பண்ணும்போது நீதான் அடிக்கணும்னு அக்ரிமென்ட்ல போட்டாலும் அது செல்லாதுன்னு. 2020ல அதுக்கு மறுபக்கமும் சொன்னாங்க. பழசா வாங்கின வீடு குடியிருக்கும்போதே இன்னும் மோசமாச்சுன்னா ஓனர அடிச்சுத் தரச் சொல்லலாம், ஆனா வந்தப்ப இருந்தத விட நல்ல வீடு கெடைக்கறதால செலவுல பொதுவா பாதி குடியிருக்கறவங்க போடணும்னு. எனக்கு இந்த ரெண்டாவது தீர்ப்பு ரொம்ப நியாயமா படுது, ரெண்டு பக்கமும் ஆதாயம் எவ்வளவுன்னு பாத்திருக்காங்க.

வெண்மேகம் மேடம் அக்ரிமென்ட்ல இருக்கற "பெற்றுக்கொண்ட நிலையிலேயே"ங்கற வரி உங்களுக்குத்தான் சாதகம். நீங்க பெற்றுக்கொண்டது மங்கின சுவர், திருப்பித் தர வேண்டியதும் மங்கின சுவர்தான், புதுச் சுவர் இல்ல. அட்வான்ஸ் பணம் ஓனர் கைல இருந்தாலும் அது உங்க பணம், பிடிக்கறேன்னு சொல்றவர்தான் எதுக்குன்னு காரணம் காட்டணும். எந்தச் சுவர், என்ன சேதம், என்ன வேலை, என்ன பில்னு எழுத்துல கேளுங்க.

ஜன்னலோரம்:
பூசணத்த யாரும் தொடலையே, அதுதான் இதுல பெரிய விஷயம். நான் கட்டட வேலைல இருக்கறவ, பெயின்ட் பிரச்சனைன்னு கூப்பிட்டு போய்ப் பாத்தா பாதிக்கு மேல ஈரப் பிரச்சனையாத்தான் இருக்கும். ஈரத்த சரி பண்ணாம யாரு காசுல பெயின்ட் அடிச்சாலும் அந்தக் காசு வீண், பூசணம் மேலயே ரோலர ஓட்டினா கொஞ்ச நாள்ல அதே இடத்துல மறுபடி எட்டிப் பாக்கும்.

ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா பொறுப்பு யாருதுன்னும் தெரிஞ்சிரும். தரைலேர்ந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்ள அலை மாதிரி ஒரு கோடு, அதுக்குக் கீழ வெள்ளையா உப்பு பூத்து காரை பொரிஞ்சு உதிருதுன்னா அது தரைலேர்ந்து ஏறுற ஓதம், கட்டடத்தோட குறை, ஓனர் வேலை. சீலிங்லயோ பாத்ரூம் பின்சுவர்லயோ பழுப்பு வட்டம், மழை பெஞ்சா பெருசாகுதுன்னா கசிவு, அதுவும் ஓனர். மூலைலயும் பீரோ பின்னாடியும் மட்டும் கருப்பு புள்ளி புள்ளியா, உப்பு இல்ல, காரையும் கெட்டியா இருக்குன்னா அது காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்த சுவத்துல படியறது. 20 டிகிரில ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கற காத்து, சுமார் 9 டிகிரிக்கு குளிர்ந்த பரப்ப தொட்டா தண்ணியா படியும். பூசணத்துக்கு தண்ணி வழியணும்னு கூட இல்ல, சுவர் ஒட்டின காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னாலே வந்திரும். பீரோவ சுவத்தோட ஒட்டிப் போட்டா பின்னாடி காத்தே போகாது, வெளிச்சுவர்னா அங்க குளிர்ச்சியும் ஜாஸ்தி.

சந்தேகமா இருந்தா ஒரு சின்ன சோதனை. அந்த இடத்த துடைச்சு காய வெச்சுட்டு அலுமினியம் ஃபாயில் ஒரு துண்ட நாலு ஓரமும் டேப் போட்டு இடைவெளி இல்லாம ஒட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சு பாருங்க. ஃபாயிலோட வெளிப்பக்கம் ஈரமா இருந்தா ரூம் காத்துலேர்ந்து வர்றது. பிரிச்சா உள்பக்கம், சுவர ஒட்டின பக்கம் ஈரமா இருந்தா சுவருக்குள்ளேர்ந்து வர்றது. ஒட்டும்போதும் பிரிக்கும்போதும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, ஓனர் கிட்ட பேசறதுக்கு வாய்ப்பேச்ச விட அது உதவும்.

சாவிக்கொத்து:
அப்ப மேடம், காத்து ஈரம்னா அது குடியிருக்கறவங்க தப்புதானே? ஜன்னலத் தொறக்காம துணிய உள்ளயே காயப் போடறாங்க.

ஜன்னலோரம்:
அப்படி ஒரேடியா சொல்ல முடியாது சார். துணிய உள்ள காயப்போட்டு, ஜன்னல எப்பவும் மூடி வெச்சு, எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் போடாம இருந்தா அவங்க பங்கு உண்டு. ஆனா எக்ஸாஸ்ட் ஃபேனே இல்லாத பாத்ரூம், தொறக்க முடியாம பெயின்ட்ல ஒட்டிக்கிட்ட ஜன்னல், வெளிச்சுவர் மெல்லிசா இருந்து குளிர அப்படியே உள்ள விடறதுன்னா, நாலு பேர் சமைச்சு குளிச்சு மூச்சு விட்டாலே ஒரு நாளைக்கு பல லிட்டர் தண்ணி ஆவியா காத்துல கலக்கும், அது போக வழி வேணும்ல. சமைக்கறதும் குளிக்கறதும் தப்புன்னு யாரையும் சொல்ல முடியாது. வழி இருந்தும் பயன்படுத்தலையா, வழியே இல்லையா, அதப் பாத்துதான் நான் சொல்லுவேன். அதோட பூசணம் பாத்த உடனே ஓனருக்கு மெசேஜ் போட்டு வைக்கறது ரொம்ப முக்கியம், நாளைக்கு "சொல்லவே இல்லையே, அதனாலதான் பெருசாச்சு"ன்னு ஒரு வார்த்த வந்தா பதில் இருக்கணும்.

கீழ்வீடு:
எங்களுக்கு இது நடந்துச்சு. மேல்மாடி பாத்ரூம் பைப் கசிஞ்சு எங்க ஹால் சுவர உடைச்சு சரி பண்ணாங்க, சிமென்ட் பூசிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க, பெயின்ட் உங்க வேலைன்னு சொல்லிட்டாங்க. அது சரியா சட்டைப்பை சார்?

சட்டைப்பை:
சரியே இல்ல. ரிப்பேர் யாரு பொறுப்போ, அந்த ரிப்பேரால கெட்டுப்போன சுவர பழையபடி ஆக்கிக் குடுக்கறதும் அவங்க பொறுப்புதான். இங்கிலாந்துல 1985ம் வருஷத்து ஓனர்-வாடகைதாரர் சட்டம் பிரிவு 11 படி கட்டமைப்பும் வெளிப்புறமும் ஓனர் பொறுப்பு, அதுல பெயின்ட்டுன்னு தனியா இல்ல, ஆனா அந்த ரிப்பேர் வேலையால பெயின்ட் கெட்டுச்சுன்னா அதையும் சரி பண்ணிக் குடுக்கணும்னு கோர்ட்டே சொல்லியிருக்கு.

தூரிகை:
அதுல தொழில் விஷயம் ஒண்ணு. புதுசா பூசின சிமென்ட் மேல உடனே பெயின்ட் அடிக்கச் சொல்லாதீங்க, காயறதுக்கு 4 வாரம் விடணும், இல்லன்னா உள்ள மாட்டின ஈரம் பெயின்ட்ட கொப்புளமா தூக்கிரும்.

வெண்மேகம்:
எல்லாருக்கும் நன்றி. கீழ்வீடு சொன்ன மாதிரி தேடினேன், குடி வந்த மாசம் எடுத்த போட்டோ கெடச்சுது, ஹால் சுவத்துல பழைய ஆளுங்க மாட்டின ஆணி அடையாளம்கூடத் தெரியுது. ஓனர் கிட்ட உக்காந்து பேசினோம். கிறுக்கின சுவத்தையும் சோபா பின்னாடி சுவத்தையும் நாங்களே ஆள் வெச்சு அடிச்சுத் தரோம், ஆணி ஓட்டைய பட்டி வெச்சு அடைச்சுத் தரோம், மத்தது உங்களோடதுன்னு சொன்னோம், ஒத்துக்கிட்டாரு. ஃபாயில் ஒட்டியிருக்கோம், பூசணம் மட்டும் இன்னும் பேச்சுலதான் இருக்கு. அந்த எண்ணெய்ப் பிசுக்கு மேல நேரா பெயின்ட் அடிச்சா போதுமா அண்ணே?

தூரிகை:
போதாதும்மா, எண்ணெய் மேல எமல்ஷன் (தண்ணில கலக்கற சுவர் பெயின்ட்) பிடிக்காது, கொஞ்ச நாள்ல கறை மேல ஊறி வந்திரும். பாத்திரம் கழுவற சோப்ப வெதுவெதுப்பான தண்ணில கலந்து ஸ்பாஞ்சால துடைச்சு, நல்ல தண்ணில இன்னொரு தடவ துடைச்சு, முழுசா காஞ்சப்புறம் கறை தடுக்கற ப்ரைமர் ஒரு கோட், அதுக்கு மேல ரெண்டு கோட் பெயின்ட். க்ரேயானும் மெழுகுதான், அதுக்கும் இதே முறை. சிகரெட் மஞ்சளுக்கும் இதேதான், ப்ரைமர் இல்லாம எத்தன கோட் அடிச்சாலும் பழுப்பு தலை காட்டும்.

மழைத்துளி:
இதே இழைல ஒரு கேள்வி கேட்டுக்கறேன். நாங்க காலி பண்ணல, இன்னும் ரொம்ப நாள் இருக்கப் போறோம். வெள்ளைச் சுவர் பாத்து பாத்து அலுத்துப் போச்சு, ஒரு ரூம் மட்டும் கருநீலம் அடிக்க ஆசை. எங்க காசு, எங்க ஆளு. ஓனர கேக்கணுமா?

சாவிக்கொத்து:
கண்டிப்பா கேக்கணும்மா! சொல்லாம அடிச்சா எனக்கே கோவம் வரும்.

சட்டைப்பை:
கேளுங்க, எழுத்துல வாங்குங்க, காலி பண்ணும்போது பழைய நிறத்துக்கு மாத்தணுமா வேணாமாங்கறதையும் அதுலயே எழுதிக்கோங்க. ஜெர்மனில 2013ல ஒரு வழக்கு, வெள்ளையா வாங்கின வீட்ட சிவப்பு மஞ்சள் நீலம்னு அடிச்சு அப்படியே விட்டுட்டுப் போனவங்க நஷ்ட ஈடு குடுக்கணும்னு தீர்ப்பாச்சு. குடியிருக்கறப்ப அடிச்சது தப்பில்ல, அடுத்தவங்க ஏத்துக்காத நிறத்துல திருப்பிக் குடுத்ததுதான் தப்புன்னு.

தூரிகை:
கருநீலம் மேல வெள்ளை ஏத்தறது லேசுப்பட்ட வேலை இல்ல தங்கச்சி, ப்ரைமரும் அது மேல ரெண்டு மூணு கோட்டும் கேக்கும், அந்த செலவையும் இப்பவே நெனச்சுக்கோங்க. வீடு ரொம்ப பழசுன்னா இன்னொரு எச்சரிக்கை, பழைய பெயின்ட்ட உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பு தேய்க்காதீங்க. பழைய பெயின்ட்ல ஈயம் கலந்திருக்கும், அமெரிக்காவுல வீட்டு பெயின்ட்ல அத 1978லயே தடை பண்ணிட்டாங்க, இந்தியாவுல 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு)னு வரம்பு வந்தது 2016 விதிலதான். அந்தத் தூசி குழந்தைங்களுக்கு ரொம்ப கெடுதி. எப்ப அடிச்சதுன்னு தெரியாட்டி ஈரம் பண்ணித் தேய்ங்க, குழந்தைங்கள அந்தப் பக்கமே விடாதீங்க.

சாவிக்கொத்து:
இவ்வளவும் படிச்சப்புறம் அடுத்த அக்ரிமென்ட்ல பெயின்ட்டுக்கு தனியா ஒரு பத்தி போட்டுடலாம்னு இருக்கேன். சட்டைப்பை சார், எப்படி எழுதினா ரெண்டு பேருக்கும் சண்டை வராது?

சட்டைப்பை:
இப்படிப் போடுங்க சார்: "வீட்டின் உட்புறம் கடைசியாக வர்ணம் பூசப்பட்ட மாதம், வருடம் இது. வர்ணத்தின் ஆயுள் இத்தனை வருடம் என இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறோம். இயல்பான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. சேதம் ஏற்பட்டால், சேதமான சுவருக்கு மட்டும், மீதமுள்ள ஆயுளுக்கு ஏற்ற விகிதத்தில் வாடகைதாரர் செலவை ஏற்பார். ஈரக்கசிவு, ஓதம் ஆகியவற்றை வீட்டு உரிமையாளர் சரிசெய்த பின்னரே வர்ணம் பூசப்படும்." கூடவே சாவி குடுக்கற அன்னிக்கு ரூம் வாரியா போட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வெச்சுக்கோங்க.

தூரிகை:
அந்தப் பத்திலயே பெயின்ட் கம்பெனி, ஷேடு நம்பர், பளபளப்பு இல்லாத மேட்டா, லேசா பளபளக்கற சாட்டினாங்கறதையும் சேத்து எழுதிடுங்க சார். டப்பா மூடிய ஒரு போட்டோ எடுத்து வெச்சாலே போதும், இல்லன்னா ஒரு சுவருக்கு ஷேடு கண்டுபிடிக்க முடியாமத்தான் கடைசில நாலு சுவரையும் அடிக்க வேண்டியதாயிருது.